தீத்துஸ் வளைவின் அடியில்

1947 அக்டோபர் 21, செவ்வாய்

அக்கா தூங்கிவிட்டாள். மெழுகுவர்த்தி விரல் நீளம்தான் மிச்சம். சீக்கிரம் எழுத வேண்டும்.

நான் அதன் அடியில் போய்விட்டேன்.

ஓவிய டீச்சர் வகுப்பையே ரோமின் பழைய வெற்றி வளைவான தீத்துஸ் வளைவுக்குக் கூட்டிப்போனார். மற்றவர்கள் உள்ளே போனார்கள். நான் வெளியே ஒரு கல்லில் உட்கார்ந்து தூண்களை வரைந்தேன். “வரிவரியாப் பள்ளம் வெட்டியிருக்கே, அது பழைய பளிங்கு. ஓரத்துல மொழுக்குன்னு இருக்கறது நூறு வருஷத்துக்கு முன்னாடி வச்ச ஒட்டு. எது பழசு, எது புதுசுன்னு தெரியணும்னே வேற கல்லுல கட்டினாங்க” என்றார் டீச்சர். ஒட்டை மறைக்காத கட்டடம்! உடம்பெல்லாம் சிலிர்த்தது.

அப்போது காற்று என் தாளைத் தூக்கிக்கொண்டு போனது. துரத்தினேன். குனிந்து எடுத்து நிமிர்ந்தால் — தலைக்கு மேல் வளைவு.

பக்கச் சுவரில் விளக்கு. எருசலேம் கோயிலின் ஏழு கிளை விளக்கு. கொள்ளையடித்ததை ரோமர்கள் தோளில் சுமந்துவருகிறார்கள். அந்த வெற்றிக்குத்தான் இந்த வளைவே. வெறுக்க வேண்டியதுதான். ஆனால் என்ன வேலைப்பாடு! ஆட்கள் கல்லிலிருந்து வெளியே நடந்து வந்துவிடுவார்கள் போல. ஓடி வந்திருக்கலாம். ஓடவில்லை. நின்று வரைந்தேன்.

அக்டோபர் 22

யூதர் யாரும் அதன் அடியில் போவதில்லை. “போனவ நம்மவ இல்ல” — அதைப் பற்றி அப்பா சொல்வது இது ஒன்றுதான். அப்படியானால் நான் இப்போது யார்?

அம்மாவிடம் மட்டும் சொல்லியிருப்பேன். ஜெர்மானியர்கள் அவளை லாரியில் ஏற்றிக்கொண்டு போய் நாலு வருடம் ஆகிறது.

நவம்பர் 9, ஞாயிறு

மெத்தையைத் தட்டிப்போடுகிறேன் என்றாள் அக்கா. படம் அதற்கடியில்! நானே தட்டுகிறேன் என்று பிடுங்கிக்கொண்டேன். “இவளுக்கு என்ன திடீர்னு பொறுப்பு?” என்றாள்.

மதியம் சாப்பிட வந்த அஞ்செலோ மாமா அப்பாவைச் சீண்டினார். “லெல்லோ, அந்த வளைவுக்கு பயந்து பழைய துணி வண்டியைத் தள்ளிட்டு ஊரையே சுத்தறியே. உன்னால செருப்புக்கடைக்காரன்தான் மாடி வீடு கட்டறான்!”

எல்லோரும் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. நான் நெத்திலியைத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளினேன்.

நவம்பர் 16

படத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். விளக்கோடு ரோமர்கள் தூக்கிவரும் கோயில் எக்காளங்களை விட்டுவிட்டேன். ஞாபகத்திலிருந்து வரைந்து சேர்த்தேன்.

நவம்பர் 30, ஞாயிறு

தெருவெல்லாம் கூச்சல். பாலஸ்தீனத்தைப் பிரித்து யூதருக்கும் ஒரு நாடு என்று உலக நாடுகள் ஓட்டுப் போட்டுவிட்டனவாம். மாமா அக்காவைத் தூக்கிச் சுற்றினார். அப்பா நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவேயில்லை. அழுதார்.

டிசம்பர் 1

நம்பவே முடியவில்லை! நாளை ஊரிலுள்ள யூதர்கள் எல்லோரும் தீத்துஸ் வளைவுக்குப் போகிறோம். அடியில் நடக்கப்போகிறோம் — அன்று நம்மவர்களைக் கைதிகளாக இழுத்துவந்த ரோமர்களின் ஊர்வலத்துக்கு எதிர்த்திசையில், வெளியே போகிறவர்களாக. “நம்ம வீட்டுல யாருமே மிதிக்காத இடம். நாமதான் மொதல்ல” என்றார் அப்பா. மெத்தைக்கடியில் கையை விட்டுப் படத்தை இன்னும் உள்ளே தள்ளினேன்.

டிசம்பர் 2, செவ்வாய்

எத்தனை பேர்! பாட்டு, அழுகை, தள்ளுமுள்ளு. வளைவுக்குப் பத்தடி முன்னால் அப்பாவின் கால் நின்றுவிட்டது. பின்னாலிருந்து “நகருங்கய்யா, ரெண்டாயிரம் வருஷமா காத்துட்டிருக்கோம்!” என்று யாரோ கத்தினார்கள்.

“விளக்கு எங்க இருக்கும்?” என்று மாமாவிடம் கேட்டார் அப்பா.

“எனக்கென்ன தெரியும்? நான் என்னிக்குப் போனேன்?”

“வலது பக்கம்” என்றேன்.

சொன்ன பிறகுதான் உறைத்தது. அப்பா திரும்பிப் பார்த்தார். அடிப்பாரோ? இத்தனை பேர் முன்னாலா? கண்ணை மூடிக்கொண்டேன்.

மெதுவாகக் கேட்டார். “ஒடஞ்சிருக்கா?”

“இல்லப்பா. ஏழு கிளையும் இருக்கு. தூக்கிட்டுப் போறவங்க முகம்தான் செதஞ்சிருக்கு.”

அப்பா வளைவை நிமிர்ந்து பார்த்தார். என் கையைப் பிடித்துத் தனக்கு முன்னால் நிறுத்தினார்.

“அப்ப நீ முன்னால நட. வழி தெரிஞ்சவ நீதான்.”

டிசம்பர் 3

படம் சமையலறைச் சுவரில் தொங்குகிறது. ஆணி அடித்தது அப்பா. எக்காளம் பெரிதாகிவிட்டது என்று மாமா குறை சொல்கிறார். அப்பாவும் ஆமாம் என்கிறார். நான் இதைச் சாப்பாட்டு மேசையில் எழுதுகிறேன். மத்தியானம். நல்ல வெயில்.