பிடி தளரக் காற்று வேண்டும்

கர்க்லாண்ட், மொன்றியல்
ஜனவரி 29

அன்புள்ள மகள் ஜெயனிக்கு,

நீயும் மருமகனும் மெல்பேண் வெய்யிலில் வாடாமல் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் எல்லோரும் சுகம். வழக்கமாக இந்தச் சொல்லை யோசிக்காமல் எழுதிவிடுவேன், இம்முறை பேனையை வைத்துவிட்டு அம்மாவை ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் எழுதினேன். கதிரையில் இருந்து கீரை ஆய்கிறார். ஆஸ்பத்திரியால் வந்தபின் இருந்த தலையிடி இப்போது இல்லை. மறதி கொஞ்சம் உண்டு, அது முந்தியும் இருந்ததுதானே என்று தானே சொல்லிச் சிரிக்கிறார்.

தொலைபேசியில் எனக்குக் கதைக்க வராது என்பது உனக்குத் தெரியும், நான் பதிலை ஒழுங்குபடுத்துவதற்குள் நீ அடுத்த கேள்விக்குப் போய்விடுவாய். அதனால் பொங்கலன்று நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன், பிழை இருந்தால் மன்னித்துக்கொள். ஒவ்வொரு வருடமும் கறண்ட் அடுப்பில்தான் பொங்குவோம், அம்மாவும் ஒவ்வொரு வருடமும் "இது பொங்கலில்லை, பால் காய்ச்சிறது" என்று சொல்லுவார். அதைக் கேட்டுக்கொண்டிருக்க மனமில்லாமல்தான் அண்ணா இம்முறை ஒரு கரி அடுப்பு வாங்கி வந்தான். கராஜ் கதவு கிழக்குப் பார்த்தது, சீமெந்தில் கோலம் போட்டு, பானையை ஏற்றி, அம்மாவின் முகத்தில் நான் வெகுநாளாகக் காணாத சந்தோஷம். வெளியே உறைகுளிர், காற்று கோலமாவை அள்ளிக்கொண்டு போனது, அடுப்பையும் ஒழுங்காக எரிய விடவில்லை. அம்மாதான் "கதவைக் கொஞ்சம் பதிச்சு விடடா நிதுசன், சூரியன் எழும்பேக்க திறப்பம்" என்றார். அவன் கதவைக் கீழே இறக்கிப் பதித்தான். பிறகும் குளிருது என்று அம்மா சொல்ல, இன்னும் பதித்தான். எனக்குத் தலை இடிக்கத் தொடங்கியது, அம்மாவும் தலை சுத்துது என்றார். படைக்குமுன் ஒருவரும் ஒன்றும் வாயில் வைப்பதில்லை அல்லவா, பசியாக்கும் என்று எல்லோருமே நினைத்தோம். அண்ணி பிரஷாந்தினி பழத்தட்டோடு உட்கதவைத் திறந்தபோது சமையலறைப் பக்கத்து அலாரம் கத்தத் தொடங்கியது. "அது தாளிக்கேக்கயும் கத்திறதுதானே, துவாயால விசுக்கு பிள்ளை" என்றார் அம்மா. அவளும் துவாயை எடுத்து அலாரத்துக்குக் காற்றுப் பட விசுக்கினாள். அலாரம் நிற்கவில்லை, அம்மா பானைக்குப் பக்கத்திலேயே சரிந்துவிட்டார். அண்ணா கதவைத் திறந்து, அம்மாவைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினான்.

மருந்துத் தொழிற்சாலை ஆய்வுகூடத்தில் ஓய்வு பெறும்வரை இருந்த எனக்கு அந்த அலாரம் புகைக்கானதல்ல, காபனோரொட்சைட்டுக்கானது என்று அம்மா விழுந்த பிறகுதான் விளங்கியது. கரி அரைகுறையாக எரியும்போது வரும் நச்சு வாயு அது, நிறமுமில்லை, மணமுமில்லை. ஆஸ்பத்திரியில் அம்மாவின் விரலில் மாட்டிய கருவி ஒட்சிசன் நன்றாக இருப்பதாகவே காட்டியது, அண்ணா அதைப் பார்த்து ஆறுதல்பட்டான். அந்தக் கருவிக்கு இரண்டு வாயுவையும் பிரித்தறியத் தெரியாது என்று நான் சொல்லத் தயங்கிக்கொண்டிருக்கையில் டொக்டர் பெண்ணே இரத்தம் எடுக்கச் சொன்னார். பிறகு முகத்தில் மாஸ்க் மாட்டி சுத்தமான ஒட்சிசன் கொடுத்தார்கள். நான் பக்கத்தில் இருந்து அந்த மாஸ்க்கையே பார்த்துக்கொண்டிருந்தேன், வேறு செய்ய ஒன்றுமில்லை. காபனோரொட்சைட்டு இரத்தத்தில் ஒட்சிசன் இருக்கவேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்ளும், ஒட்சிசனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக. ஆனாலும் அது மீளும் தாக்கம், இரு பக்கமும் நடக்கக்கூடிய இரசாயன மாற்றம். எவ்வளவு இறுக்கிப் பிடித்தாலும் ஒவ்வொரு கணமும் சிலது பிடியை விட்டுக்கொண்டுதான் இருக்கும், விட்ட இடத்தில் அடுத்து எது வந்து உட்காரும் என்பது சுற்றியிருக்கும் காற்றைப் பொறுத்தது. மூடிய கராஜில் அதே வாயு வந்து உட்கார்ந்தது, மாஸ்க்குக்குள் ஒட்சிசன் வந்து உட்கார்ந்தது. சமநிலை என்றால் எல்லாம் நின்றுபோன நிலை என்றுதான் படித்த காலத்தில் நினைத்திருந்தேன், பரீட்சையில் சரியாக எழுதிய பிறகும் மனதுக்குள் அப்படித்தான் இருந்தது. நிற்பதில்லை, பிள்ளை. போவதும் வருவதும் ஒரே வேகத்தில் நடப்பதால் அசையாததுபோலத் தெரிகிறது, அவ்வளவுதான். நிலைமையை மாற்றினால் அது மற்றப் பக்கம் நகரும். அம்மாவின் உடம்பும் அப்படி நகர்ந்து வந்தது. சாதாரணக் காற்றில் என்றால் இன்னும் பல மணி நேரம் எடுத்திருக்கும்.

இதை உனக்கு ஏன் எழுதுகிறேன் என்று நீ கேட்கலாம். அன்று நீ போனில் அண்ணாவிடம் சொன்னது எங்கள் எல்லோருக்கும் கேட்டது, அவன் ஸ்பீக்கரில் போட்டிருந்தான். "நீ அம்மாவைக் கொல்லப் பாத்தனி, இனி எனக்கு அண்ணை எண்டு ஒருத்தரில்லை, உன்ர வீட்டு வாசல் மிதிக்க மாட்டன்" என்றாய். பயத்தில் சொன்னாய் என்று எனக்குத் தெரியும், இவ்வளவு தூரத்தில் இருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். ஆனியில் வருவதற்கு எடுத்த விமான ரிக்கற்றையும் வேண்டாமென்று விட்டுவிட்டாய் என்று மருமகன் சொன்னார். அண்ணா உன்மேல் ஒரு சொல் சொல்லவில்லை. "அவள் சொன்னது சரிதானே அப்பா" என்றான். உன் அழைப்பு வந்தால் குப்பை வைக்கப் போகிறேன் என்று கராஜுக்குள் போய்விடுகிறான். வீடு அமைதியாகத்தான் இருக்கிறது, பார்க்கிறவர்கள் எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்பார்கள். எனக்கு இந்த அமைதி களைப்பாக இருக்கிறது.

எல்லாத் தாக்கமும் மீளாது, அதையும் சொல்லவேண்டும். அடுப்பில் எரிந்த கரி சாம்பலாகிவிட்டது, எந்தக் காற்றைக் கொடுத்தாலும் அது கரியாகாது. நீ சொன்ன சொல் இதில் எந்த வகை என்று நான் யோசித்துப் பார்த்தேன், எனக்கு முடிவு சொல்லத் தெரியவில்லை. அதைச் சொல்லக்கூடியவள் நீ ஒருத்திதான்.

இன்னொன்று. சொல்லக்கூடாது என்று அண்ணா என்னிடம் கேட்டிருந்தான். பொங்கும்போது செருப்புப் போடுவதில்லையே, அன்று அவன் அம்மாவைத் தூக்கிக்கொண்டு வெறுங்காலோடு பனிக்குள் நின்றான், அம்புலன்ஸ் வரும்வரை உள்ளே வரவில்லை. தன் ஜக்கெற்றையும் அம்மாவுக்குத்தான் சுற்றியிருந்தான். கால்விரல்கள் கொப்பளித்துத் தோல் உரிந்துவிட்டது. அண்ணிதான் கட்டு மாற்றிவிடுகிறாள். சப்பாத்துப் போட ஏலாமல் இன்னும் வேலைக்குப் போகவில்லை.

உன் வீட்டு அலாரத்தின் பற்றரியை மாற்றச் சொல்லி மருமகனிடம் சொல், சமைக்கும்போது கத்துகிறது என்று கழற்றி வைத்திருந்தால் இன்றே போடு. நேரத்துக்குச் சாப்பிடு. நீங்கள் இருவரும் நோய்நொடியில்லாமல் நீண்டகாலம் ஒற்றுமையாக இருக்கவேண்டும் என்று நானும் அம்மாவும் தினமும் விளக்கேற்றும்போது கும்பிடுகிறோம். இந்தக் கடிதத்தை நானே பாமசிக்குள் இருக்கும் தபால் கவுண்டரில் கொடுப்பேன், வீட்டில் ஒருவருக்கும் காட்டவில்லை.

இது கைக்குக் கிடைத்தபின் வருகிற ஞாயிற்றுக்கிழமை வீட்டுப் போனுக்கு எடு. மணி அடித்தால் நான் எடுக்கமாட்டேன், அம்மாவையும் அண்ணியையும் எடுக்க விடமாட்டேன். அவன்தான் எடுக்கவேண்டி வரும், எடுத்தவுடனே அம்மாவிடம் கொடுக்கப் பார்ப்பான். கொடுக்குமுன் "அண்ணை, கால் எப்பிடி இருக்கு" என்று மட்டும் கேள். நான்தான் உனக்குச் சொன்னேன் என்று அவனுக்கு அப்போது தெரிந்துவிடும். தெரியட்டும்.

இப்படிக்கு,
உன் மேல் அன்பு குறையாத அப்பா
மு. உருத்திரமூர்த்தி