ஜெரால்டின் டி டிரைவ்

ஜூன் 9, திங்கள்

கச்சான் காற்று. கடை வாசலில் தூசி, உள்ளே உப்பு. காலையில் மூன்று மதர்போர்டு. மூன்றிலும் பச்சைக் களிம்பு பூத்திருக்கிறது. இந்த ஊரில் வைரஸ் வந்து செத்த கம்ப்யூட்டரைவிட உப்புக் காற்றில் செத்ததுதான் அதிகம். ரேமைக் கழற்றி, பள்ளிக்கூட ரப்பரால் தேய்த்து மாட்டினால் பாதி நோய் தீரும். நான் படித்த டிப்ளமோவில் இதைச் சொல்லித் தரவில்லை.

செய்ய வேண்டியவை:
– உப்பளத்து அண்ணாச்சியின் யு.பி.எஸ். பேட்டரி
– பள்ளிக்கூட லேப், கீபோர்டு பதினொன்று
– கடை ஃபேனுக்கு எண்ணெய் (ஆறு மாதமாக எழுதிக்கொண்டே இருக்கிறேன்)

பதினொரு மணிக்கு மெர்லின் வந்தாள். என் நண்பன் ஜெரால்டின் மனைவி. அவன் இறந்து பதினாறு மாதம். அதன் பிறகு நான் அந்த வீட்டுப் பக்கம் போகவில்லை. பையைத் திறந்து, துண்டில் சுற்றிய ஹார்ட் டிஸ்க்கை மேசைமேல் வைத்தாள்.

"அண்ணே, இதுல அவிய குரல் எங்கயாவது கெடக்கான்னு பாருங்க. ஜெனிக்கு நாலு வயசு முடியப் போவுது. அப்பா எப்பிடிப் பேசுவாவன்னு கேக்கா. காட்டதுக்கு ஒண்ணுமே இல்ல."

அவன் போனைப் பூட்டுத் திறக்கக் கொடுத்த இடத்தில் எல்லாம் அழிந்துவிட்டதாம். மிச்சம் கல்யாண வீடியோ. அதில் ஆரம்பம் முதல் கடைசி வரை சினிமாப் பாட்டு. மாப்பிள்ளை வாய் அசைகிறது, சிரிக்கிறான், யாரையோ கூப்பிடுகிறான். குரல் மட்டும் இல்லை. கல்யாண வீடியோவில் பாட்டைப் போட்டு மூடுகிறவர்களை ஜெயிலில் போட வேண்டும். இது என் நெடுநாள் கருத்து.

"நீங்க ரெண்டு பேரும் உக்காந்து பேசிப் பேசிப் பதிவு பண்ணுவியளே, அது இருக்கும்லா?"

பார்க்கிறேன் என்றேன். டிஸ்க்கைக் கையில் எடுக்கவில்லை. அவள் போன பிறகுதான் எடுத்தேன்.

ஜூன் 10, செவ்வாய்

இதை யாரும் படிக்கப் போவதில்லை. எழுதிவிடுகிறேன்.

அழித்தவன் நான்.

ஜெரால்டு இறப்பதற்கு நான்கு மாதம் முன்பு. கம்ப்யூட்டர் மெதுவாக ஓடுகிறது என்று தூக்கிக்கொண்டு வந்தான். கடையில் கூட்டம். புது விண்டோஸ் போடும்போது சி டிரைவை மட்டும் அழிக்க வேண்டியவன் டி டிரைவையும் சேர்த்து அழித்தேன். அதற்குள் அவன் பாட்டுகள், எங்கள் மூன்று வருடச் சனிக்கிழமைப் பேச்சு. யூடியூப் சேனல் தொடங்கப் போகிறோம் என்று பதிவு செய்தவை. ஒன்றைக்கூட வெளியே போடவில்லை. பெயர் வைப்பதிலேயே சண்டை.

"டிஸ்க்குல பேட் செக்டர்லே, டி டிரைவ் போயிருச்சு" என்றேன் அவனிடம். டிஸ்க்கில் ஒரு பழுதும் இல்லை, முழுப் பொய். அவன், "பேசுனதுதானலே, திரும்பப் பேசிக்கிடுவோம்" என்றான். அன்றைக்கே மீட்க முயன்றிருக்கலாம். முயன்றால் பொய் வெளியே வரும். விட்டுவிட்டேன். மாசியில் நெஞ்சுவலி வந்து போய்விட்டான். நாற்பத்தோரு வயது.

இத்தனைக்கும் கடைக்கு வருகிற எல்லோருக்கும் எதையும் இரண்டு இடத்தில் வையுங்கள் என்று உபதேசம் செய்கிறவன் நான். செவ்வாய்க் கிரகத்தில் குடியேற வேண்டும் என்பதற்கும் என் காரணம் அதுதான்: மனித இனம் முழுவதும் ஒரே டிஸ்க்கில் இருக்கிறது, இன்னொரு காப்பி வேண்டாமா? ஜெ. ஒத்துக்கொள்ளவே மாட்டான். காப்பி காப்பிதான், ஆள் ஆகாது என்பான்.

மீட்கும் மென்பொருளை ஓட விட்டிருக்கிறேன். டிஸ்க் டிக் டிக் என்கிறது. ஹார்ட் டிஸ்க்கை எனக்குப் பிடிப்பது இதனால்தான், சாகும் முன் சத்தம் போடும். புதிதாக வரும் எஸ்.எஸ்.டி. வகை சொல்லாமல் கொள்ளாமல் போய்விடும்.

ஜூன் 12, வியாழன்

காற்று நிற்கவில்லை. ஷட்டர் ஆடுகிறது.

இருநூற்றுச் சொச்சம் ஆடியோ கோப்புகள் வந்திருக்கின்றன. எதற்கும் பெயர் இல்லை, எண்தான். அழித்த டிஸ்க்கில் துண்டு துண்டாகத்தான் கிடைக்கும். பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும் துண்டுகளை மென்பொருள் ஒரே கோப்பு என்று நினைத்து ஒட்டிவிடும். பெரும்பாலும் பாட்டு, பாதியில் அறுந்து இன்னொரு பாட்டு.

இதில்கூட அவன் ரசனை தெரிகிறது. எல்லாம் பழைய காலத்து வயலின். இப்போது வரும் பாட்டுகளில் மூச்சு விடுகிற சத்தத்தைக்கூட வெட்டி எடுத்துவிடுகிறார்கள், பாடுகிறவன் உயிரோடு இருக்கிறானா என்றே தெரியவில்லை என்று நான் சொல்வேன். அவனோ அதைவிட மோசம். இருபது வருடங்களாகப் பாட்டே வரவில்லை என்பான்.

மதியம் மூன்றே கால். எண்பத்தேழாவது கோப்பு. ஒரு பெண் சரணத்தைத் தொடங்குகிறாள், இரண்டாவது வரியில் அறுந்தது. அவள் நிறுத்திய இடத்தில் ஓர் ஆண் குரல், தண்ணீருக்குள் இருந்து பேசுவதுபோல:

"ஏலே, இருக்கியா?"

அவ்வளவுதான். மறுபடி அந்தப் பெண் பாட ஆரம்பித்துவிட்டாள்.

மைக் சரியாக இருக்கிறதா என்று பார்க்கக் கேட்பது. ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் உண்டு. எனக்குத் தெரியும். தெரிந்தும் கடையில் தனியாக உட்கார்ந்து "இருக்கேன்லே" என்று பதில் சொன்னேன்.

ஷட்டரை இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். மணி நான்குகூட ஆகவில்லை.

ஜூன் 14, சனி

டீக்கடையில், அந்தோணி: "மணப்பாட்டுக்கு அங்கன ராக்கெட் விடப் போறானாம்லா. இனி மீனு எல்லாம் பொரிச்சே வரும்."

பள்ளிக்கூட லேப் முடிந்தது. கீபோர்டுகளில் முறுக்குத்தூள்.

குரல் உள்ள கோப்புகள் இதுவரை ஐந்து. எல்லாம் அவன்தான். நடுநடுவே தூரத்தில் ஒரு சிரிப்பு. அது நான். இவ்வளவு அசிங்கமாகவா சிரிப்பேன்? மூச்சு முட்டி, கடைசியில் ஒரு கீச்சு.

நீளமானது நாற்பது விநாடி. அப்படியே எழுதுகிறேன்:

"செவ்வாய்க்குப் போறானாம், செவ்வாய்க்கு. நான் தெனமும் எட்டு மணி நேரம் கண்ணாடிக் கூண்டுக்குள்ளதானலே இருக்கேன். கீழ பாத்தா கன்டெய்னரு தீப்பெட்டி கணக்கா இருக்கு. பேச ஆளு கெடையாது. ஒண்ணுக்குப் போவணும்னாலும் எறங்கி வரணும். இதுக்கு எதுக்குலே ராக்கெட்டு?"

துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவன். அச்சாக அவன் பேச்சு. மூன்று முறை கேட்டேன், மூன்று முறையும் அழுதேன்.

இன்னொரு துண்டு கொஞ்சம் உறுத்துகிறது. விண்வெளிப் படங்களைத் திட்டுகிறான்: "காத்தே இல்லாத எடத்துல குண்டு வெடிச்சா எப்பிடிலே சத்தம் கேக்கும்?" இது நான் சொல்வது. தியேட்டரில் இதைச் சொன்னதற்காக அவன் என்னிடம் இரண்டு நாள் பேசவில்லை. படம் பாக்க வந்தியா, பரீட்சை எழுத வந்தியா என்று கேட்டவன். அவன் எப்போது என் கட்சிக்கு வந்தான்?

எனக்குத் தெரியாமல் தனியாக உட்கார்ந்து பேசினானோ? அப்படியென்றால் பின்னால் சிரித்தது யார்?

ஜூன் 16, திங்கள்

டிஸ்க் இன்று காலை நின்றுவிட்டது. சுற்றவே இல்லை. கிடைத்தது கிடைத்ததுதான்.

நாற்பது விநாடித் துண்டைச் சுத்தம் செய்தேன். பாட்டை வெட்டி, இரைச்சலைக் குறைத்து. மாலை ஐந்து மணிக்கு மெர்லினுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். இரண்டு நீல டிக் வந்தது.

பதில் இல்லை.

அழுதுகொண்டிருப்பாள் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், மனது லேசாகத்தான் இருந்தது. அழித்தவனே மீட்டுக் கொடுத்துவிட்டான், கணக்கு நேராகிவிட்டது என்று இருந்தது. வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் அப்படித்தான் இருந்தது.

ஜூன் 18, புதன்

மெர்லின் தனியாக வந்தாள். வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தில் பெர்மிஷன் போட்டுவிட்டு வந்திருக்கிறாள். உட்காரவில்லை. போனை மேசைமேல் வைத்து அந்தத் துண்டைப் போட்டாள்.

"அண்ணே, இது யாரு?"

"ஜெரால்டு."

"நல்லாக் கேளுங்க." மறுபடி போட்டாள். "இது அவிய இல்ல. இது நீங்க."

சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"பக்கம் மாத்திப் பேசுவியள்லா? அவிய ஒங்கள மாதிரி, நீங்க அவிய மாதிரி. நான் காப்பி கொண்டு வரும்போது எத்தன மட்டம் பாத்துருக்கேன். பின்னால சிரிக்காவ பாருங்க, கடைசில கீச்சுன்னு. அதான் அவிய."

மறந்தே போயிருந்தேன். கடைசி வருடம் எங்களுக்கு அது ஒரு விளையாட்டு. காசு சுண்டிப் போட்டு, தலை விழுந்தால் அவன் கட்சியை நான் பேச வேண்டும், அவன் குரலிலேயே.

நம்ப முடியாமல் அதே வாக்கியத்தை என் போனில் பேசிப் பதிவு செய்து, இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டேன். ஒரே குரல். மற்ற துண்டுகளும் அப்படியே; விண்வெளிப் படத்தைத் திட்டியதும் நான்தான். ஒரு வாரமாக என் குரலை நானே கேட்டு அழுதிருக்கிறேன். "இருக்கியா" என்று நானே கேட்டு, "இருக்கேன்" என்று நானே சொல்லியிருக்கிறேன்.

"பிள்ளட்ட போட்டுக் காட்டலியே?"

"பக்கத்துலதான் இருந்தா. போட்டதும் 'அப்பா'ன்னுட்டா. நான் வாயத் தெறக்கதுக்குள்ள போன வாங்கி முத்தம் குடுத்துட்டா அண்ணே. ராத்திரி அத நெஞ்சுல வச்சிட்டுத்தான் தூங்குனா."

அப்போது சொல்லிவிட்டேன். டி டிரைவ், பேட் செக்டர் பொய், எல்லாம். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை; மேசைமேல் கிடந்த ரப்பரைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

அவள் அந்த ரப்பரை எடுத்து ஓரமாக வைத்தாள்.

"அப்ப வேற எங்கயும் கெடையாது?"

"இல்ல."

"அப்ப நீங்கதான் தரணும்."

எதை என்றேன்.

"அதுல அவ பேரு இல்லியாம். 'அப்பா எம் பேரச் சொல்லலியே'ங்கா. ஒரு மட்டம் சொல்லிக் குடுங்க. அவிய குரல்ல."

முடியாது என்றேன். அது தப்பு, பிள்ளைக்குச் செய்கிற துரோகம், நாளைக்கு வளர்ந்து கேட்டால் என்ன சொல்வாய் என்றேன். நியாயமாகத்தான் பேசினேன்.

"அழிக்க முடிஞ்சுதுல்லா?" என்றாள். குரலை உயர்த்தவில்லை.

எப்படிக் கூப்பிடுவான் என்று அவளே சொல்லிக் கொடுத்தாள். வேலை முடிந்து வந்து, செருப்பைக் கழற்றும்போதே கேட்பானாம்: "ஏளா ஜெனி, சாப்ட்டியா?"

அவள் போனில் பதிவு செய்தோம்; ஐந்து முறை சரியாக வரவில்லை. நாடகம் போல இருந்தது. ஆறாவது முறை நான் முயலவே இல்லை. வாயைத் திறந்தேன், வந்தது. மெர்லின் சட்டென்று வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

போகும்போது: "ஞாயித்துக்கெழம அவ பொறந்தநாளு. வாங்க. வராம இருக்காதிய. ஆனா, அவ முன்னால பேசாதீங்க அண்ணே. கண்டுபிடிச்சிருவா."

ஜூன் 20, வெள்ளி

காற்று கொஞ்சம் அடங்கியிருக்கிறது. மேற்கே நாலைந்து ஊர் தள்ளித் தூறுகிறதாம். இங்கே ஒரு சொட்டு இல்லை.

அண்ணாச்சி யு.பி.எஸ். வாங்க வந்தார். என்ன வேய் தொண்டை கட்டியிருக்கா என்றார். இல்லை என்று தலையாட்டினேன். கடையில் ஆள் இல்லாதபோது பாட்டுப் போடுவது வழக்கம். இரண்டு நாளாகப் போடவில்லை. பாட்டு நடுவில் அறுந்துவிடுமோ என்று காது காத்துக்கொண்டே இருக்கிறது.

மதியம் போன். எடுத்து "சொல்லுங்க" என்றேன். அந்தப் பக்கம் பேச்சே இல்லை. கிரேன் பிரிவில் ஜெ.யோடு வேலை பார்த்தவர். லேப்டாப் விஷயமாகக் கூப்பிட்டிருக்கிறார். கொஞ்ச நேரம் கழித்து, "யாரு... சாமுவேலா பேசுதிய?" என்றார். ஆமாம் என்றேன். "ஒண்ணுமில்ல, அப்புறமா வாரேன்" என்று வைத்துவிட்டார்.

குளிக்கும்போது என் குரலில் ஏதாவது சொல்லிப் பார்க்கலாம் என்று வாயைத் திறந்தேன். என்ன சொல்வது என்று தெரியவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

கோயில் முடிந்து நேராக அங்கே. வாங்கிப் போனது: கலர் பென்சில், பொம்மை ராக்கெட் ஒன்று. (வேறு பொம்மை கிடைக்கவில்லையா என்று ஜெ. திட்டியிருப்பான்.)

வீடு அப்படியே இருக்கிறது. கம்ப்யூட்டர் மேசையில் இப்போது தையல் மெஷின். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் ஐந்தாறு, கேக், பலூன். நான் நாற்காலியில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தேன். சிரிப்பிலும் சத்தம் வராமல் பார்த்துக்கொண்டேன்.

ஜெனி வந்தாள். அவன் நெற்றி, அவன் காது. கையில் மெர்லினின் போன்.

"மாமா, எங்க அப்பா பேசுதாவ. கேளுங்க."

என் காதில் வைத்து அழுத்தினாள்.

"ஏளா ஜெனி, சாப்ட்டியா?"

"சாப்ட்டேன்ப்பா" என்று போனுக்குப் பதில் சொன்னாள். பிறகு என்னிடம், "கேட்டுச்சா?"

தலையை ஆட்டினேன்.

"வாயால சொல்லுங்க."

மெர்லின் கேக் வெட்டிய கத்தியோடு அடுப்படி வாசலில் நின்றாள். "மாமாவுக்குப் பேச்சு வராதுளா."

ஜெனி என் மடியில் ஏறினாள். இரண்டு கையாலும் என் தாடையைப் பிடித்து, வாயைத் திறக்கச் சொல்லி, உள்ளே பார்த்தாள்.