காலியாக இழுத்துப் பார்த்தேன்

மார்ச் 4
மாப்பிள்ளை மறுபடியும் என் துப்பாக்கிப் பட்டறைக்கு வந்துவிட்டார். தங்கையின் கணவர், வங்கிக் காவலாளி. "மச்சான், பயிற்சில சுடும்போது விசை கல்லு மாதிரி இருக்கு. ரெண்டு விரல் போட்டாத்தான் அசையுது." ரிவால்வரிலிருந்த தோட்டாக்களை எடுத்துவிட்டு இழுத்துப் பார்த்தேன். ஆறு தடவையும் வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு வந்தது. "துப்பாக்கி நல்லாத்தான் இருக்கு. தங்கச்சி சாப்பாடு போடறதில்லையா?" என்றேன். சிரித்தார், அரைகுறையாக. அவர் திருப்திக்கு எண்ணெய் விட்டு, 'நல்ல நிலை' என்று கையெழுத்துப் போட்டேன்.

மார்ச் 11
வங்கியில் கொள்ளை. மாப்பிள்ளையைச் சுட்டுவிட்டார்கள். போய்விட்டார்.

மார்ச் 14
விசாரணை அதிகாரி வந்தார். "கையில துப்பாக்கி இருந்தும் ஒரு குண்டு சுடல. ஆள் பயந்து விறைச்சுப் போயிட்டான்." அதற்கு ஆதாரம் என் கையெழுத்துதான். சாயங்காலம் தங்கை கேட்டாள்: "அண்ணா, அவர் பயந்துபோயா நின்னாரு?" தெரியலம்மா என்றேன்.

மார்ச் 16
ரிவால்வர் சோதனைக்காக என் மேசைக்கே வந்தது. காலியாக இழுத்தால் வெண்ணெய். பிறகு அலமாரியிலிருந்து மருந்தில்லாத போலித் தோட்டாக்களை எடுத்துப் போட்டேன். முதல் இழுப்பே நின்றுவிட்டது.

காலித் தோட்டாக்களை வெளியே தள்ளும் நட்சத்திரத் தகட்டுக்கு அடியில் எரிந்த மருந்துத் துகள். அது தகட்டைத் தூக்கிவிட, தோட்டாக்கள் பின்னாலுள்ள சட்டத்தில் உரசுகின்றன, தோட்டா உருளை சுற்றவில்லை. காலியாகப் பார்த்தால் எந்த ஜென்மத்திலும் தெரியாது. போலித் தோட்டா போட்டுத்தான் பார்க்க வேண்டும் என்பது விதி. என்றைக்கு அப்படிப் பார்த்திருக்கிறேன்? அலமாரிச் சாவி தேடச் சோம்பல். பழைய பல் பிரஷால் துடைத்திருந்தால் போதும், அஞ்சு நிமிஷம். ஐயோ பாவி, அஞ்சே நிமிஷ வேலைடா!

இப்போது துடைத்துவிட்டால் ஒருத்தனுக்கும் தெரியப்போவதில்லை.

மார்ச் 17
பிரஷைக் கையில் எடுத்தேன். வைத்துவிட்டேன். மறுபடியும் எடுத்தேன். சாப்பிடவில்லை.

மார்ச் 18
அதிகாரியை வரவழைத்து, அவர் கண் முன்னால் போலித் தோட்டா போட்டு, இழுங்க சார் என்று கொடுத்தேன். ஒரு விரலால் இழுத்தார். பிறகு இரண்டு விரலால். "இதை ஏன் முன்னாடியே பாக்கல?"
"சோம்பேறித்தனம் சார்."

ஏப்ரல் 2
அறிக்கையை மாற்றிவிட்டார்கள்: காவலாளி சுட முயன்றார், ஆயுதம் பழுது. எனக்கு வேலை போய்விட்டது, வழக்கும் வரும். வரட்டும். நகலைத் தங்கையிடம் கொண்டுபோனேன். வாசலில் நின்றபடியே இரண்டு முறை படித்தாள்.
"அவர் பயப்படல."
"இல்லம்மா."
"உங்கிட்ட சொன்னாராண்ணா, விசை இழுக்க வரலன்னு?"
"ரெண்டு தடவை சொன்னாரும்மா."
கதவைச் சாத்திக்கொண்டாள்.