பெயர் வெட்டிய அண்டா

அன்புள்ள கிருத்திகாவுக்கு, பள்ளத்தூரிலிருந்து ஆத்தா எழுதுவது. இங்கே நானும் அப்பச்சியும் மீனுவும் சுகம், ஜெர்மனிக் குளிரில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்கப் பிள்ளையார் துணை. நீ போனை எடுக்காததால் மீனுவின் கல்யாணப் பத்திரிகையோடு இதையும் வைத்து அனுப்புகிறேன். கோபமாகத்தான் எழுதுகிறேன், முழுக்கப் படி.

இரண்டு மாதம் கழித்துப் பேசியவள் தங்கச்சி கல்யாணத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. உன் ஆராய்ச்சியில் பைபிளில் வரும் ஏதோ அரமேயச் சொல், ஹசீர் என்றாய், அதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று கேட்டாய். கோயிலில் கொள்ளையடித்த பொன் பாத்திரங்களை வைத்து விருந்து நடத்திய ராசாவைத் தராசில் நிறுத்து, எடை போதவில்லை என்று தீர்ப்புச் சொன்ன கதையைச் சொன்னாய். நானும் ஆத்திரத்தில், குறை என்று எழுது, முப்பத்திரண்டு வயதாகியும் கல்யாணம் வேண்டாம் என்று நிற்கிற நீதான் இந்த வீட்டுக்குக் குறை என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து என்னோடு பேச்சில்லை, கல்யாணத்துக்கும் வரமாட்டேன் என்று உன்னைப் பெற்ற அப்பச்சிக்கு மட்டும் மெசேஜ் அனுப்புகிறாய். பெற்றவள் ஒரு சொல் சொன்னால் அதற்கு இவ்வளவா. வீட்டில் யாரைப் பார்த்தாலும் எரிந்து விழுகிறேன், மீனு என் பக்கமே வருவதில்லை.

கல்யாணத்தன்று ஊர் பார்க்கப் பரப்ப வேண்டிய மீனுவின் சீர்ச் சாமான்களைப் போன வெள்ளிக்கிழமை முற்றத்து வளவில் ஒருமுறை பரப்பிப் பார்த்தோம். வரிசை நிறையவில்லை என்று, நீ எட்டாம் வகுப்பு படித்தபோது உன் கல்யாணச் சீருக்கென்று வாங்கிய பித்தளை அண்டாவையும் நானே தூக்கிவந்து வைத்தேன். அதில் உன் பெயர் வெட்டியிருப்பது எனக்கு நினைவில்லை. பத்திரிகை விஷயமாக வந்த மாப்பிள்ளையின் தாயார் நாச்சியம்மை ஆச்சி குனிந்து எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, மூத்த மக இருக்குன்னு சொன்னீகளே, அது எப்ப வருது என்று கேட்டார்கள். வளவு நிறையப் பாத்திரம் இருந்தும் அவர்கள் கேட்டது உன்னைத்தான். காப்பி போடுவதாகச் சொல்லி உள்ளே போய்விட்டேன்.

அந்தச் சொல்லுக்கு நான் சொன்ன அர்த்தத்தை அடித்துவிடு. உன் கதையில் பாத்திரம் எதுவும் குறையவில்லை, பரப்பி வைத்த ராசாவிடம்தான் எடை குறைந்தது. இந்த வீட்டிலும் அப்படித்தான். அண்டாவைப் புளி போட்டுத் தேய்த்து உன் அறையில் திரும்ப வைத்துவிட்டேன், நீ கல்யாணம் செய்தாலும் செய்யாவிட்டாலும் அது உன்னுடையது.

நோய் நொடியில்லாமல் நூறு வயது இரு. தை இருபதாம் தேதி கல்யாணம், மறந்துவிடாதே. டிக்கெட் போட்டதும் அப்பச்சிக்கு அல்ல, எனக்குச் சொல்.

உன் ஆத்தா,
சீதை