நாலாவது விசில்

அன்பு மகள் ஜெனிக்கு அம்மா எழுதிக்கொள்வது. மாதா புண்ணியத்தில் ஆனையூரில் நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், தினம் ஒரு வேளை சண்டை போடத் தெம்பு இருக்கிறது என்றால் சுகம்தானே. ஹெல்சிங்கி குளிரில் நீயும் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன், நம்புகிறேன் என்றுதான் சொல்ல முடிகிறது, ஏனென்றால் ஞாயிற்றுக்கிழமை நீ பேசும்போது உன் குரல் ரேடியோவில் செய்தி வாசிக்கிற மாதிரி அத்தனை சுத்தமாக வருகிறது, அதை வைத்து நீ சாப்பிட்டாயா இல்லையா என்று எனக்குக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை. அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். பருப்புப் பொடியும் எலுமிச்சை ஊறுகாயும் பார்சல் போடுகிறோம், அதோடு இந்தக் கடிதத்தையும் நீ லினக்ஸ் சிஸ்டம் போட்டுக் கொடுத்த நம் பழைய கம்ப்யூட்டரிலேயே அடித்து, அச்செடுத்து வைக்கிறேன். நவம்பரில் ஒரு கூத்து நடந்தது, ரிசல்ட் வரட்டும் என்று உன்னிடம்கூடச் சொல்லாமல் வாயைக் கட்டிக்கொண்டிருந்தேன். முந்தாநாள் ரிசல்ட் வந்துவிட்டது, இனி என்னால் முடியாது.

கீழக்குயில்குடி முத்துமீனாவை உனக்குத் தெரியுமே, பார்வையில்லாத பிள்ளை, பி.ஏ. வரலாறு படிக்கிறாள், அவளுக்காகத்தானே நீ வாங்கித் தந்த மைக்கில் நான் பாடங்களை வாசித்துப் பதிவு செய்து அனுப்புகிறேன். இருபத்து மூன்று பாடம் அனுப்பியாகிவிட்டது. அவளுக்குத் தமிழக வரலாற்றுத் தாள் ஏற்கெனவே ஒருமுறை போய்விட்டது, இந்த முறையும் போனால் பி.எட். சேர்கிற ஆசையை விட்டுவிட்டு வீட்டில் உட்கார வேண்டியதுதான் என்று அவள் அப்பா சொல்லிவிட்டார். திங்கட்கிழமை பரீட்சை. பாக்கி இருந்தது பல்லவர் பாடம் ஒன்று. வெள்ளிக்கிழமை மத்தியானம் கதவைச் சாத்திக்கொண்டு, ஒன்றே முக்கால் மணி நேரம் மூச்சுப்பிடித்து வாசித்து முடித்தேன். திரையில் சத்தத்தைக் காட்டும் அந்தக் கோடு ஏறி இறங்கிக் குதித்துக்கொண்டே இருந்தது, ஆகா நன்றாகப் பதிவாகிறது என்று எனக்குச் சந்தோஷம், திரும்பக் கேட்டுப் பார்க்காமலே அனுப்பிவிட்டேன். வாத்தியாருக்கு இருக்கக்கூடாத அவசரம், ஒப்புக்கொள்கிறேன்.

சனிக்கிழமை காலையில் முத்துமீனா போன் செய்தாள். டீச்சர், பல்லவரைக் கேக்கலாம்னு உக்காந்தா முச்சூடும் மாதா பாட்டா வருது, பாட்டு நல்லாத்தான் இருக்கு, ஆனா பரீட்சைக்கு இத எழுத முடியாதே டீச்சர் என்று சிரிக்கிறாள். கடைசியில் மட்டும் குரல் கொஞ்சம் இறங்கிப்போனது. நான் போட்டுக் கேட்டால் உண்மைதான், ஒன்றே முக்கால் மணி நேரமும் பங்குத் திருவிழாப் பாட்டு, என் குரல் மருந்துக்கும் இல்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது ஜெனி. தொண்டை வேறு கட்டிக்கொண்டது. போனில் வாசித்துப் பதிவு செய்யலாம் என்று பார்த்தால் கால் மணி நேரத்துக்கு ஒருமுறை யாராவது கூப்பிட்டுப் பதிவை அறுத்துவிடுகிறார்கள். நீயோ அன்றைக்கு ஆபீஸ் வேலையாக விமானத்தில். உன் சித்தப்பா மகன் ஜெரால்டுக்குப் போன் போட்டால், பெரியம்மா, அந்த லினக்ஸ் எல்லாம் நமக்கு ஒத்துவராது, நாளைக்குச் சாயங்காலம் வாரேன், மொத்தத்தையும் அழிச்சிட்டு ஊரே வச்சிருக்கிறதப் போட்டுவிடுறேன் என்கிறான். அழிக்கிறானாம். ஒரு பல்லு வலிக்கிறது என்றால் தலையை எடுக்கிற வைத்தியன். நீ வராதே என்று சொல்லிவிட்டேன், கொஞ்சம் கடுமையாகத்தான் சொல்லிவிட்டேன், நீ பேசும்போது அவனைச் சமாதானப்படுத்து.

அப்புறம் நீ சொல்லிக் கொடுத்த மாதிரி, இந்த சிஸ்டத்தை வைத்திருக்கிறவர்கள் ஒருவருக்கொருவர் கேட்டுக்கொள்ளும் அந்த இணையப் பக்கத்தில் தேடினேன். யாரோ ஒரு புண்ணியவான் எழுதியிருந்தார், கெட்டுப்போவதற்கு முன்னால் கடைசியாக யார் எதைத் தொட்டீர்கள் என்று முதலில் பாருங்கள் என்று. முப்பத்திரண்டு வருஷம் இதைத்தானே நான் வகுப்பில் செய்தேன். அப்பாவைக் கூப்பிட்டுக் கம்ப்யூட்டரைத் தொட்டீர்களா என்று கேட்டேன். நான் ஏன் தொடப்போறேன் என்றார். பதில் வந்த வேகத்திலேயே புரிந்துவிட்டது. மத்தியானச் சாப்பாடு வரைக்கும் நான் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்ததில், ரசத்துக்கு வரும்போது உண்மை வந்தது. கோயிலில் கொடுத்த பாட்டு பென் டிரைவைச் செருக இடம் இல்லை என்று மைக்கின் வயரை உருவியிருக்கிறார், பாட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றித் திரும்பத் திரும்ப ஓடும்படி போட்டுவிட்டு வயரைப் பழைய இடத்திலேயே செருகியும்விட்டார். அதான் திருப்பி மாட்டிட்டேன்ல, அம்புட்டுத்தானே என்கிறார்.

அம்புட்டு இல்லை. உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சோதித்தேன். மைக்கைப் பேனாவால் தட்டினேன், கோடு அசையவில்லை. பாட்டை நிறுத்தினேன், கோடு படுத்துவிட்டது. பாட்டைப் போட்டால் திரும்பக் குதிக்கிறது. அப்போதுதான் பிடிபட்டது, மைக்கைப் பிடுங்கிய நேரத்தில் கம்ப்யூட்டர் வேறு வழியில்லாமல் தான் பாடுவதையே தான் பதிவு செய்துகொள்ளத் தொடங்கியிருக்கிறது, மைக்கைத் திருப்பி மாட்டிய பிறகும் அந்தப் பழக்கத்தை விடவில்லை. நானும் வெள்ளிக்கிழமை பாட்டை நிறுத்தாமல் ஸ்பீக்கர் திருகை மட்டும் குறைத்துவிட்டு வாசித்திருக்கிறேன், எனக்குக் கேட்கவில்லையே தவிர உள்ளே கச்சேரி ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. ஊர் சொல்வதைக் கேட்காமல் தன் பேச்சையே கேட்டுக்கொண்டிருப்பது, உன் அப்பாவோடு சேர்ந்து அதற்கும் தொற்றிவிட்டது போல. சத்தத்துக்கான செட்டிங்கைத் திறந்து, எங்கிருந்து பதிவு செய்ய வேண்டும் என்கிற இடத்தில் உன் மைக்கின் பெயரைத் தேர்ந்தெடுத்தேன். ஒன்று, இரண்டு, மூன்று என்றேன். கோடு மூன்று முறை குதித்தது. நான் கத்திய கத்தலில் அப்பா கைகழுவப் போனவர் ஓடி வந்துவிட்டார். ஜெரால்டுக்கு உடனே போன் போட்டுச் சொன்னேன், சொல்லாமல் இருக்க முடியுமா.

தொண்டை அன்று ஒத்துழைக்கவில்லை, கற்கண்டும் மிளகும் வாயில் போட்டுக்கொண்டு தூங்கிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் வாசிக்க உட்கார்ந்தேன். தண்டனையாகக் கறிக்குழம்பு அப்பா பொறுப்பு, நாலு விசில் வந்ததும் அணைக்க வேண்டும், அதற்கு நடுவில் வீட்டில் மூச்சுவிடக் கூடாது என்று உத்தரவு. நான் மகேந்திரவர்மன் மண்டகப்பட்டில் குடைந்த கோயிலுக்கு வந்துவிட்டேன், செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு இவை இல்லாமல் என்று வாசிக்கிறேன், குக்கர் வீல் என்று கத்துகிறது, அதோடு அப்பா அடுப்படியிலிருந்து, ஏ ஆரோக்கியம், இது மூணாவதா நாலாவதா என்கிறார். நானும் கடுப்பில், நாலு, அணைங்க என்று மைக்கிலேயே கத்திவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டேன். முடித்துவிட்டுக் கேட்டால் விசில், அப்பா, நான், வாசலில் போன ஷேர் ஆட்டோ எல்லாம் இருக்கிறது. சத்தங்களைத் துடைத்து எடுக்கிற வித்தையை நீ ஒருமுறை காட்டினாய், எனக்கு அது மறந்துவிட்டது, தேட நேரமும் இல்லை. மன்னித்துக்கொள் கண்ணு என்று எழுதி அப்படியே அனுப்பினேன்.

திங்கட்கிழமை பரீட்சை முடிந்து முத்துமீனா நேராக நம் வீட்டுக்கே வந்துவிட்டாள். மண்டகப்பட்டுதான் பத்து மார்க் கேள்வியாம். டீச்சர், கேள்விய வாசிச்சுக் காட்டுனதுமே எனக்கு குக்கர் சத்தம் கேட்டுருச்சு, நாலுன்னு சிரிச்சிட்டே நாலு பொருளையும் வரிசையாச் சொல்றேன், எழுதித் தர வந்த அக்கா என்னைய ஒரு மாதிரி பாக்குறாங்க என்றாள். சத்தத்தை எடுக்காமல் விட்டுவிட்டேனே என்று நான் இழுத்தேன். அதற்கு அவள் சொன்னது எனக்கு இன்னும் காதிலேயே இருக்கிறது. எடுத்துறாதீங்க டீச்சர், வெறும் குரல் மட்டும் வந்தா ஆளு எங்கயோ இருக்காங்க, சத்தத்தோட வந்தா பக்கத்துல இருக்காங்க என்றாள். அறுபத்தொரு மார்க் வாங்கிவிட்டாள் ஜெனி. அப்பா தன்னால்தான் என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

உனக்கு என் ஆசீர்வாதமும் அப்பாவின் ஆசீர்வாதமும் எப்போதும் உண்டு, ஆண்டவர் உன் கூடவே இருப்பார். மாத்திரையை நேரத்துக்குப் போடு, ஊறுகாயை ஈரக் கரண்டியால் தொடாதே. முக்கியமாக ஒன்று. பின்னால் வருகிற சத்தத்தை எல்லாம் வடிகட்டுகிற வசதியைப் போட்டிருக்கிறேன், அதான் இவ்வளவு தெளிவு என்று பெருமையாகச் சொன்னாயே, ஞாயிற்றுக்கிழமை பேசும்போது அதை அணைத்துவிட்டுப் பேசு. உன் அடுப்பில் எது கொதிக்கிறதோ, தெருவில் எந்த டிராம் போகிறதோ, அதெல்லாம் எனக்கும் கேட்கட்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா
ஆரோக்கியம்
(அப்பா யேசுதாஸும் பக்கத்தில் நின்று முழுவதையும் படித்துவிட்டார், ரசம் விஷயத்தை எடுக்கச் சொல்கிறார், எடுக்கவில்லை.)