கறையில்லாத சுவர்

என் செல்ல மகளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகமாக இருக்கவேண்டும், எனக்கு வேண்டியது அது ஒன்றுதான். இங்கேயும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வரமாட்டேன் என்கிறது. போனில் சொல்லலாமே என்பாய். போன் உன் அப்பாவின் தலையணைக்கு அடியில் இருக்கிறது. மாடி வீட்டுத் தையல்காரர் போனிலிருந்து பேசினேனே, அன்றைக்கும் உன் குரலைக் கேட்டதும் சொல்ல வந்ததை விட்டுவிட்டு, சும்மாதான் கூப்பிட்டேன் என்று வைத்துவிட்டேன்.

அப்பாவுக்கு இடுப்பெலும்பு இன்னும் கூடவில்லை. கீழ் அறைக் கட்டிலோடு சரி, வாய் மட்டும் ஊரெல்லாம் நடக்கிறது. மழைக்காலம் நெருங்கிவிட்டது, எனக்குச் சோறு இறங்கவில்லை. மாவட்டத்தில் எந்தத் தெருவுக்கு வெள்ள ஆபத்து, எதற்குப் புயல் ஆபத்து என்று கணக்கெடுக்கக் கோடையில் கலெக்டர் ஆபீசிலிருந்து ஆட்கள் வந்தார்கள். அப்போது நடந்த கூத்தை உன்னிடம் சொல்லவில்லை. வெளியாட்கள் வருகிறார்கள், வீடு இப்படி இருந்தால் நம்மை என்ன நினைப்பார்கள் என்று, அப்போது நடமாடிக்கொண்டிருந்த உன் அப்பா கிளப்பிவிட, தெருவே திரண்டு சுண்ணாம்பு அடித்தது. போன வெள்ளம் கழுத்தளவுக்கு விட்டுப்போன கறை போயே போச்சு. வந்தவர்கள் சுவரைத் தடவித் தடவிப் பார்த்தார்கள், தண்ணீர் எதுவரை வந்தது என்று வீடு வீடாகக் கேட்டார்கள். வந்தது என்று சொன்னால் குடிவர ஆள் கிடைக்காதே என்று பக்கத்து வீட்டுக்காரர் லேசா நனைஞ்சுது என்றார். உன் அப்பா அவரையும் மிஞ்சி, எங்க வீட்டுக்குள்ளயா, வாசப்படிய தொட்டுட்டு மரியாதையா திரும்பிப் போயிடுச்சு என்று சிரித்தார்.

அதனால் அவர்கள் போட்ட வரைபடத்தில் நம் தெரு பச்சை, ஆபத்தில்லை என்று. சிவப்புத் தெருவில் படுக்கையில் கிடப்பவர்களை மழைக்கு முன்பே வண்டி வைத்து மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோகிறார்கள், நமக்குக் கிடையாது. ஆபீசுக்குப் போய் அழுதேன். உன் வயசுப் பெண் ஒருத்தி உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள். உங்க தெருவுல ஒருத்தர்கூட தண்ணி வந்துச்சுன்னு சொல்லலையேம்மா, இனி மழைக்காலம் முடிஞ்சுதான் மறுபடி பாப்பாங்க என்றாள். அவளை என்ன சொல்ல.

தையல்காரர் தங்கமான மனுஷன். மெஷினை ஒதுக்கி ஒரு அறையைக் காலி செய்துவிட்டார், நாலு பேரைக் கூட்டிவந்து கட்டிலோடு தூக்கிவிடலாம் என்கிறார். உன் அப்பா சம்மதிக்கவில்லை. கவர்மெண்டே பச்சைன்னு போட்டாச்சு, அதுக்கு மேல உனக்குத் தெரியுமா என்று என்னைக் கேட்கிறார். தான் விட்ட கதையை ஆபீஸ் திருப்பிச் சொன்னதும் அவரே நம்பிவிட்டார் கண்ணு. எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது.

நீ சொன்னால்தான் கேட்பார். கடிதம் கண்டதும் போன் போடு. புத்தி சொல்லாதே, முறுக்கிக்கொள்வார். பயமா இருக்குப்பா, மாடிக்குப் போங்கப்பா என்று அழு. நேற்று அவர் கண்ணயர்ந்தபோது, தண்ணீர் வந்தால் என்னால் ஆகுமா என்று அக்குளில் கை கொடுத்துத் தூக்கிப் பார்த்தேன். முதுகுகூட மெத்தையை விட்டு எழும்பவில்லை. விழித்துக்கொண்டு என்ன பண்றே என்றார், தலையணையைச் சரி பண்றேன் என்றேன். நீயாவது மேலே வந்துடும்மா என்று தையல்காரர் சொல்கிறார். உன் அப்பாவைக் கீழே விட்டுவிட்டு நான் படியேறமாட்டேன். அதையும் மனசில் வைத்துக்கொண்டு பேசு.

மூன்று பேரும் ஒரு குறையும் இல்லாமல் நீடூழி வாழவேண்டும். குழந்தையைக் குளிரில் வெளியே விடாதே. நான் எழுதினேன் என்று அப்பாவிடம் மூச்சு விடாதே.

உன் அம்மா