அச்சங்குளத்தில் கேட்ட சத்தம்

அச்சங்குளம்
3.2.2003

அன்பு மகள் பியூலாவுக்கு,

உறுதியான செய்தி: நீ கட்டிக்கொள்ள நினைக்கிற மார்கஸ், மெஷினில் பாட்டுப் போடுகிறவர். தகவல் தந்தது உன் தம்பி காலேப். நீ அவனுக்கு அனுப்பிய ஈமெயிலை நானும் படித்துச் சரிபார்த்தேன். முப்பத்தோரு வருஷம் நிருபராக இருந்தவனுக்கு மகள் சமாச்சாரம் மகன் சொல்லித் தெரிகிறது. போகட்டும்.

அவர் கறுப்பினத்தவர் என்பது எனக்குப் பொருட்டே இல்லை என்று எழுதினால் பொய். பழக நாளாகும். ஆனால் பாட்டுப் போட்டு எப்படிக் குடும்பம் நடத்துவார்? அது என்ன பாட்டு? விவரம் தெரியாமல் சம்மதம் சொல்ல மாட்டேன். உன் பேச்சை எடுத்தாலே அம்மா பாத்திரத்தை ணங்கென்று வைக்கிறாள். நேரத்துக்குச் சாப்பிடு.

அப்பா
செல்வநாயகம்

டெட்ராய்ட்
20.2.2003

அன்புள்ள அப்பாவுக்கு,

கர்த்தர் கிருபையால் சுகம். மார்கஸ் எங்கள் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே மெஷின்களைப் பழுது பார்ப்பவர். பாட்டு, லீவு நாளில் மட்டும்.

அதன் பெயர் டெக்னோ. பிறந்தது இங்கேதான், எண்பதுகளில். கார் கம்பெனிகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்த காலம். கறுப்பினப் பிள்ளைகள் சிலர், மலிவாகக் கிடைத்த தாள மெஷின்களை வைத்து ஆரம்பித்தார்கள். ஜெர்மனி இசைத்தட்டுகளையும் விரும்பிக் கேட்டவர்கள். நிமிஷத்துக்கு நூற்று முப்பது தாள அடி, நிற்காமல். பெரும்பாலும் வார்த்தையே இருக்காது. பெர்லின் சுவர் விழுந்தபோது அங்கே காலிக் கட்டடங்களில் இதற்குத்தான் ஆடினார்கள். மார்கஸின் அப்பாவும் கார் கம்பெனியில் இருந்தவர்தான்.

அவர் போட்டதை சி.டி.யில் அனுப்பியிருக்கிறேன். கேட்டுவிட்டு எழுதுங்கள். மே மாதம் இருவருக்கும் லீவு. நீங்களும் அம்மாவும் சம்மதித்தால்தான் டிக்கெட் எடுப்பேன்; இல்லாவிட்டால் கல்யாணமே இல்லை.

உங்கள் பியூலா

அச்சங்குளம்
17.3.2003

அன்பு மகளுக்கு,

சி.டி. வந்தது. சனிக்கிழமை மதியம் காலேபின் பெரிய ஸ்பீக்கரில் போட்டேன். தும், தும், தும் என்று ஜன்னல் அதிர்ந்தது. ஒரு நிமிஷம் ஆகியிருக்காது, தெருவே வாசலில் நின்றது.

"அண்ணாச்சி, எந்தக் கம்பெனிலே வெடிச்சது?" என்று முதலில் ஓடி வந்தவள் பக்கத்து வீட்டுச் சோலையம்மாள். பட்டாசுக் கம்பெனியில் சரம் பின்னுகிறவள். எதிர் வீட்டு இருளாண்டி கையில் தண்ணீர் வாளி.

"வெடியில்லம்மா, பாட்டு" என்றேன்.

"இதுவா பாட்டு? நல்லாத்தான் கேக்கீக போங்க! அடுப்பைக்கூட அமத்தாம ஓடியாந்தேன்!"

தெருவே சிரித்தது. சோலையம்மாள் ஓடிப்போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் அவள் விரல்கள் மடியில் தானாக அசைந்தன.

"அண்ணாச்சி, இது நம்ம சரம் பின்னுற கணக்குல்ல! நாலு நாலா, கை மாறாம. யாரு போட்டது?"

"என் மருமகன்" என்றேன்.

யோசித்துச் சொல்லவில்லை. வாய் முந்திக்கொண்டது. சாட்சிகள் சுமார் நாற்பது பேர். மறுப்பு வெளியிட வழியில்லை, வெளியிடும் எண்ணமும் இல்லை. என் சம்மதம் உறுதி.

அம்மா அடுப்படியில் இருந்தாள். அவள் காதிலும் விழுந்தது. இன்று காலை, "அந்தத் தம்பி உறைப்புத் திங்குமா?" என்று கேட்டாள். இதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ள முடியாது. ஞாயிற்றுக்கிழமை கோயில் விட்டு வந்து முடிவைச் சொல்கிறேன் என்றிருக்கிறாள். அதுவரை டிக்கெட் எடுக்காதே. விலையை மட்டும் விசாரித்து வை.

அப்பா
செல்வநாயகம்